திருகோணமலையை நடந்து பார்க்க: நான்கு நாள் வழிகாட்டி

திருகோணமலையில் தோளில் பையோடு வீதியோரம் நடந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு ஓட்டோ பக்கத்தில் வந்து நிற்கும். "எங்க போறீங்க? ஏறுங்கோ" என்பார்கள். சும்மா நடக்கிறேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கையில் காசில்லையாக்கும் என்று நினைத்து ஒருவர் என்னைச் சும்மாவே ஏற்றிக்கொண்டு போகப் பார்த்தார். இந்தப் பக்கத்தில் காரணம் கேட்கப்படாமல் நடக்கக்கூடியவர்கள் கதிர்காம யாத்திரைக்காரர்கள் மட்டுந்தான். அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் மச்சானும் முதல்தடவை நிலாவெளிக் கரையில் நடந்தது ஓர் ஆகஸ்ட் மாதம். காலையில் இடியப்பமும் சொதியும் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு இறங்கினோம். புதுச் சப்பாத்து, ஆளுக்கு ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல். பதினொரு மணிக்கு ஒரு மீன் வாடியின் ஓலை நிழலில் நாக்குத் தள்ள உட்கார்ந்திருந்தோம். வாடியில் இருந்த ஐயா ஒருவர் தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டார்: "தம்பிமார், நாங்க விடியமுதல் வந்து எட்டு மணிக்கு வேலையை முடிச்சிட்டம். நீங்க இப்பதான் வாறீங்களோ?"

கீழே வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்தக் கேள்விதான். இங்கே தூரத்தைக் கணக்குப் போட்டு நடக்க முடியாது. நேரத்தைத்தான் கணக்குப் போடவேண்டும்.

முதலில் மாதம்

உல்லாசப் பயணிகள் வருவது மே முதல் செப்டெம்பர் வரை. அப்போது கடல் குளம் போலக் கிடக்கும், திமிங்கிலம் பார்க்கப் படகு ஓடும், நீந்தலாம். நடப்பதற்கு ஆகாத காலமும் அதுவேதான். தென்மேல் பருவக்காற்று மறுபக்கத்து மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் போய், சூடாகவும் வறட்சியாகவும் கிழக்கே இறங்கும். அதைத்தான் இங்கே கச்சான் காற்று என்கிறோம். (கோயிலடியில் வறுத்து விற்கும் கச்சானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த என் பெறாமகன் ஒரு நாள் முழுக்கக் கடலை வாசம் தேடினான்.) கச்சான் எழும்பிவிட்டால் உதடு வெடிக்கும், மணல் கன்னத்தில் அடிக்கும், வியர்வை தெரியாமலே உடம்பு வற்றிப்போகும். வியர்க்கவில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் விடுவதுதான் அந்த நாட்களில் ஆளை விழுத்துகிறது.

ஒக்டோபரில் மழை தொடங்கும். நவம்பர், டிசம்பரில் அடித்துப் பெய்யும், கடலும் கொந்தளிக்கும். ஜனவரி பிற்பகுதியில் மழை ஓய்ந்து, வாடைக்காற்று மட்டும் மிச்சமிருக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் முடிய உள்ள அந்த இடைவெளிதான் நடப்பவனின் காலம். குளங்கள் நிறைந்திருக்கும், வயல் பச்சையாக இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியது. கடலில் குளிக்க மட்டும் அவ்வளவு தோதில்லை. நீச்சலா நடையா என்று தீர்மானித்துவிட்டு மாதத்தைக் குறியுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் மார்ச் பிற்பாதியில் வந்து பாருங்கள். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வரவேண்டாம். அறையும் கிடைக்காது, பஸ்ஸில் இடமும் கிடைக்காது.

தங்குமிடமும் போக்குவரத்தும்

மலைநாட்டில் செய்வது போல முதுகில் வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நகரும் நடை இங்கே சரிவராது. ஒரே இடத்தில் தங்குங்கள். காலையில் பஸ்ஸில் ஒரு முனைக்குப் போய், நடந்து, மறுமுனையில் பஸ் ஏறித் திரும்புங்கள். தங்குவதற்கு உப்புவெளி நல்லது. நகரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவு, நிலாவெளி வீதி பக்கத்திலேயே இருக்கிறது, அந்த வீதியில் குச்சவெளி, புல்மோட்டை பஸ்கள் போய்வருகின்றன.

கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இரவு ரயில் உண்டு. அது அந்த நாளில் ஓடுகிறதா என்று புறப்படுமுன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்து நேரடி பஸ்கள் இருக்கின்றன.

ஒரு வார்த்தையை மட்டும் தெரிந்துவைத்திருங்கள். இங்கே தூரம் ‘கட்டை’யில்தான், அதாவது மைலில். மைல்கல் போய்ப் பல காலமாகியும் மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை என்றே இடங்களுக்குப் பெயர். கொண்டக்டரிடம் கிலோமீட்டரில் கேட்டால் அவர் மனதுக்குள் திருப்பிக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.

காலுக்கும் பைக்கும்

கரைக்குச் சப்பாத்து வேண்டாம். மணல் உள்ளே போய் அரைத்துக் கொப்புளம் போட்டுவிடும். பின்பட்டி உள்ள செருப்புத்தான் நல்லது. பாட்டாச் செருப்பு அரை மணித்தியாலத்துக்கு மேல் உதவாது. உள்நாட்டுப் பாதைக்குப் பழகிய சப்பாத்தைப் போடுங்கள், முள்ளும் பாம்பும் உண்டு.

தண்ணீர் மணிக்கு அரை லீட்டருக்குக் குறையக்கூடாது. அதற்கு மேல் பையில் இரண்டு பைக்கற் ஜீவனி போட்டுக்கொள்ளுங்கள், எந்த மருந்துக்கடையிலும் இருக்கும். தேசிக்காய், உப்பு, சீனி கரைத்த தண்ணீரும் அதே வேலையைச் செய்யும். அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, ஒரு துவாய், கோயிலுக்குள் போக ஒரு வேட்டி அல்லது நீளப் பாவாடை. அவ்வளவுதான். ஆம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119. இரண்டையும் போனில் பதிந்து வைத்திருங்கள். 1990 இலவச சேவை.

முதல் நாள்: ஊருக்குள், பின்னேரத்தில்

பயணக் களைப்பு இருக்கும். அதனால் மூன்று மணிக்குப் பிறகு புறப்படுங்கள்.

திருகோணமலை நகரம் இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. மேற்கே உட்துறைமுகம், அலையே இல்லாத ஆழமான நீர். கிழக்கே திறந்த வங்கக் கடல். ஒன்றிலிருந்து மற்றதற்கு இருபது நிமிட நடைதான். பஸ் நிலையத்திலிருந்து முதலில் உட்துறைமுகக் கரைக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு, திரும்பி ஊரைக் குறுக்கறுத்து, பத்திரகாளி அம்மன் கோயில் வாசலால் டச்சு பே கரைக்கு வாருங்கள். அந்தக் கரையோரமாகவே கோட்டை வாசல்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும். ஊருக்குள்ளும் வரும். கையில் இருப்பதைக் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை பொலித்தீன் பையையும் சேர்த்துத் தின்கின்றன. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வீதியை விட்டு விலகாமல் ஏறுங்கள், முகாம் பக்கம் கமெராவைத் திருப்பவேண்டாம்.

ஏற்றம் பெரிதில்லை, சின்னப் பிள்ளையும் ஏறும். உச்சியில் கோணேசர். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 1622 இல் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்தார்கள். 1950 இல் கிணறு வெட்டும்போது பழைய விக்கிரகங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. 1956 இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயில் தூண்களைக் கண்டார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஏறினால் கோட்டைச் சுவரைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவின் ஓரத்தில் நின்றால் கடல் 300 அடிக்கு மேல் கீழே. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். செருப்பைக் கீழேயே கழற்றவேண்டும். நடுப்பகலில் வந்தால் கல் காலைப் பொசுக்கும் என்பதாலும் பின்னேரம்தான் சரி. மாலைப் பூசை பார்த்துவிட்டு இருட்டுமுன் இறங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்குக் கரையால்

இந்த நாளுக்காகத்தான் மற்ற நாட்கள். உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் இடையே வீதியால் பத்துக் கிலோமீட்டர் அளவு. வீதியில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கு மணலில் மூன்றே ஓடாது. அப்படியென்றால் மூன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கால் மணலில் பட்டிருக்கவேண்டும். நகரத்திலிருந்தே கரையால் நடந்து வரலாமே என்று நினைக்கவேண்டாம். அந்தத் துண்டு படகும் குப்பையுமாக இருக்கும், பஸ்ஸில் தாண்டிவிடுங்கள்.

எந்தத் திசையில் நடப்பது என்பதை யாரும் யோசிப்பதில்லை. பெப்ரவரியில் சூரியன் கிழக்குக்குச் சற்றுத் தெற்கே எழும்பும். வடக்கு நோக்கி நடந்தால் வெயில் வலது தோளுக்குப் பின்னால் விழும், வாடைக்காற்று முகத்தில் படும். அந்த மாதங்களில் உப்புவெளியில் தொடங்கி நிலாவெளியில் முடியுங்கள். ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் எழும்புகிறது. அப்போது பஸ்ஸில் நிலாவெளிக்குப் போய்த் தெற்கே திரும்பி நடந்தால் கண் கூசாது. ஆனால் அந்த மாதங்களில் முழுத் தூரத்தையும் ஒரே காலையில் முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு நாளாகப் பிரித்து, ஒன்பது மணிக்குக் கரையை விட்டு ஏறிவிடுங்கள்.

மணலில் எங்கே கால் வைப்பது என்பதும் ஒரு வித்தை. மேலே காய்ந்த மணல் காலை விழுங்கும். அலை வந்து போன இடம் கெட்டியாக இருக்கும், அதில் நடப்பது லேசு. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீட்டர் வித்தியாசங்கூட இல்லை. அதனால் பெருக்கு வந்து வழி மறிக்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் வற்று நேரத்தில் அந்தக் கெட்டி மணல் கொஞ்சம் அகலமாக இருக்கும். கரை கடலைப் பார்த்துச் சரிந்திருப்பதால் வடக்கே நடக்கும்போது வலது கால் எப்போதும் பள்ளத்தில் படும். ஒரு மணி நேரத்தில் முழங்கால் சொல்லத் தொடங்கும். இடைக்கிடை மேட்டில் ஏறிச் சமதரையில் பத்து நிமிடம் நடந்துவிட்டு இறங்குங்கள்.

உப்புவெளிக் கரை வடக்கே ஓர் ஓடையில் போய் முடியும். அந்தப் பக்கம் பாறைகள், அதற்குப் பின்னால் சல்லி என்ற ஊர். தண்ணீர் ஆழமில்லாதது போலத் தெரியும், இறங்கவேண்டாம். கடலும் களப்பும் சந்திக்கும் இடத்தில் அடிநீரோட்டம் இருக்கும், மழைக்குப் பின் அடியே மாறியிருக்கும், களப்புகளில் முதலையும் உண்டு. கரையில் யாராவது படகோடு நின்றால் கேளுங்கள், சில நிமிடத்தில் அக்கரை விட்டுவிடுவார்கள். கூலியை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் வீதிக்கு ஏறி, சாம்பல்தீவுப் பாலத்தால் சுற்றி வாருங்கள். நாலு கிலோமீட்டர் வரும்.

சுற்றிப் போனாலும் நட்டமில்லை. நிலாவெளி வீதியோரம் இரண்டாம் உலகப் போரில் இறந்த படையினரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெட்டிய புல், வரிசை வரிசையாகக் கல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டன. கல்லில் உள்ள வயதுகளை வாசித்துக்கொண்டு போனால் பலர் இருபதுகளில் இருந்த பொடியன்கள்.

சல்லியில் முத்துமாரியம்மன் கோயில் கடலோரத்திலேயே இருக்கிறது. கோயிலடி நிழலில் இருந்து காலைச் சாப்பாட்டை முடியுங்கள். இனி நிலாவெளி வரை இளநீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சல்லிக்கு வடக்கே கரை நீண்டு கிடக்கும். கரைவலைக் காலமென்றால் ஆட்கள் வரிசையாக நின்று கயிறு இழுப்பதைப் பார்க்கலாம். கயிற்றை மிதிக்காதீர்கள், தாண்டியும் குதிக்காதீர்கள். இழுப்பவர்களுக்குப் பின்னால் மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போகவேண்டும். விருப்பமென்றால் "அண்ணை, நானும் ஒரு கை பிடிக்கட்டோ?" என்று கேளுங்கள், சிரித்துக்கொண்டு இடம் விடுவார்கள். உள்ளங்கை எரியும். வலை கரையேறியதும் யாரும் சொல்லாமலே கொஞ்சம் விலகி நில்லுங்கள். மீன் பிரிக்கும் நேரம் அவர்களுக்கு வரவு செலவு பார்க்கும் நேரம். படம் எடுக்குமுன் கேளுங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையை வாரிக்கொண்டு போனது. நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் அதைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள், சொல்ல நினைப்பவர்கள் தாங்களே சொல்வார்கள். நடப்பவர் மனதில் வைக்கவேண்டியது இதுதான்: கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் உள்நிலத்தை நோக்கி ஓடவேண்டும்.

பத்து மணிக்குள் நிலாவெளிக்கு வந்துவிடலாம். எதிரே கடலில் தெரிவது புறாமலை என்ற சிறு தீவு. மாடப்புறாக்கள் கூடுகட்டுவதால் வந்த பெயர், 2003 முதல் தேசியப் பூங்கா. அதில் நடக்க அதிக இடமில்லை, பவளப்பாறை பார்க்கத்தான் போகவேண்டும். விடுமுறை நாளில் கூட்டம் தாங்காது, நான் போகமாட்டேன். இன்னும் கால் இருந்தால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நிலாவெளியிலிருந்து இறக்கக்கண்டிப் பாலம் வரை நடங்கள். தென்னையும் பனையும் மேற்கே நிற்பதால் பின்னேரத்தில் நிழல் கரைமேல் விழும். ஆட்கள் இதைக் கவனிக்காமல் காலையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பாலத்தடியிலேயே பஸ் ஏறலாம்.

மூன்றாம் நாள்: கன்னியா

கால் நோகும் நாள், அதனால் வெந்நீர். அனுராதபுரம் வீதியால் போகும் பஸ்ஸில் ஏறிக் கன்னியாச் சந்தியில் இறங்கி உள்ளே நடக்கவேண்டும். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டானவை என்பது ஐதீகம். இறந்தவர்களுக்குக் கடன் செய்ய இன்றும் வருகிறார்கள். இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றவேண்டும். இளஞ்சூட்டில் தொடங்கிச் சூடான கிணற்றுக்குப் போங்கள். ஏழு மணிக்குச் சந்தியில் இறங்கினால் ஆறுதலாகக் குளிக்கலாம், எட்டு மணிக்கு வாகனங்கள் வந்து நிறைந்துவிடும்.

அங்கிருந்து பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரை. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். சைவச் சோழர் பெயரில், தமிழர் நிவந்தம் கொடுத்த ஒரு பௌத்தப் பள்ளி. தமிழர் அவசியம் பார்க்கவேண்டிய இடம், ஆனால் கன்னியாவுக்கு வரும் தமிழர்களில் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. அதற்கு நடக்காமல் ஓட்டோவில் போங்கள். காட்டோரம் யானை வரும். உள்நாட்டுப் பாதைகளில் நான் வைத்திருக்கும் கணக்கு: ஏழு மணிக்கு முன் இல்லை, நாலரைக்குப் பின் இல்லை, பச்சை லத்தி கண்டால் அப்படியே திரும்பு. வேலி போட்டு அறிவிப்புப் பலகை வைத்த காணிக்குள், குறுக்குப் பாதை என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். போர் நடந்த பூமி.

நான்காம் நாள்: கொட்டியாரப் பக்கம்

தெற்கே போகும் மட்டக்களப்பு வீதி களப்பு வாய்களையும் மகாவலியின் கிளைகளையும் தாண்டித் தாண்டிப் போகிறது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்குப் பாலம். முன்பு இங்கெல்லாம் ‘பாதை’தான். வழி என்று எண்ணிவிடாதீர்கள், வாகனத்தையும் ஆளையும் ஏற்றி அக்கரை விடும் மிதவைக்கு நம்மூரில் அதுதான் பெயர். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீட்டர். காலையில் பஸ்ஸை இந்தக் கரையிலேயே விட்டு இறங்கிப் பாலத்தை நடந்தே கடவுங்கள். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கொட்டியாரக் குடா, கீழே வீச்சுவலைக்காரர். அக்கரையில் முதல் தேத்தண்ணிக் கடையில் "நானா, ஒரு பிளேன்ரீ" என்று உட்கார்ந்தால் ஊர்ப் புதினம் முழுக்க வந்துவிடும். வீதியோரம் சட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள். வாங்கினால் அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள், தயிர்ச் சட்டியோடு நடப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும்.

மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்ற புளியமரம் உண்டு. கப்பல் பழுது பார்க்க வந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்சும் அவர் தகப்பனும் 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தப் பக்கத்தில். மகன் தப்பி ஓட 19 வருடம் எடுத்தது. பார்க்க ஒரு மரமும் ஒரு கல்லுந்தான், ஐந்து நிமிடம் போதும்.

மூதூரில் மினக்கெடாமல் பஸ்ஸில் வெருகல் பக்கம் போங்கள். யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர் வழியாக வந்து வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலில் தரித்து, மட்டக்களப்பைத் தாண்டி, ஆடிக் கொடியேற்றத்துக்குக் கதிர்காமம் போய்ச் சேரும். என் பெரியப்பா மூன்று தடவை போனவர், வெறுங்காலோடு. அவரிடம் நான் படித்தது இதுதான்: விடிய மூன்று மணிக்கு எழும்பு, ஒன்பதுக்கு ஒரு கோயிலில் படு, நாலுக்கு மறுபடி நட. வாடியில் தேத்தண்ணி தந்த ஐயாவின் நேரமும் இதுவேதான்.

வைகாசி, ஆனியில் வந்தால் யாத்திரையோடு ஒரு காலை நடக்கலாம். கோயிலில் விசாரித்தால் கூட்டம் எங்கே தரித்திருக்கிறது என்று சொல்வார்கள். எல்லாருக்கும் எல்லாரும் ‘சாமி’. வேலுக்கு முன்னால் நடக்கக்கூடாது. சாப்பாடு ஊர்ச்சனம் தரும், வாங்கவேண்டும், மிச்சம் விடக்கூடாது. வெறுங்கால் கட்டாயமில்லை, பழக்கமில்லாதவர் செருப்போடு போங்கள். கச்சான் காலத்தில் ஒன்பது மணிக்கே தார் கொதிக்கும். தனியாக இந்தக் காட்டுப் பகுதியில் நடக்கவேண்டாம், யானை இங்கேயும் உண்டு. யாத்திரை இல்லாத மாதமென்றால் கோயிலடியிலும் ஊருக்குள்ளும் நடந்து பார்த்தால் போதும்.

முடிந்ததும் கால் கழுவ வெருகலாற்றில் இறங்கத்தான் மனம் சொல்லும். முதலை உண்டு. கோயில் பைப்படியில் கழுவிக்கொண்டு, பிந்தாமல் வீதிக்கு வந்து, திருகோணமலை பஸ்ஸை மறியுங்கள். பின்னேரத்தில் பஸ் குறைவு.